பெரியபங்குக்கு அடுத்தது

வேளாண் வாரியத்தின் நிலங்களுக்கு வரி கிடையாது என்று தெரிந்ததும், செங்கால்நத்தத்திலிருந்து பதினான்கு வயல்கள் கிளம்பி வாரியத்துக்குப் போய்விட்டன. பதினைந்தாவதாகப் போனது தையல்நாயகியின் வயல்.

செய்தி வயல்களுக்கு எப்படி எட்டியது என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. வாரியம் தன் சட்டத்தை ஊர் ஊராக அறிவிக்க ஓர் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அனுப்பியிருந்தது. செங்கால்நத்தத்துக்கு வரும் வழியில், இரண்டு பக்கமும் வயலைத் தவிர வேறொன்றும் இல்லாத இடத்தில், டயர் பஞ்சரானது. ஓட்டுநர் சக்கரத்தைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்கு நடந்தார். மணிக்கணக்கில் கூலி என்பதால் ஒலிபெருக்கியை நிறுத்தாமல் போனார். காலை பத்து மணியிலிருந்து பிற்பகல் மூன்று மணிவரை, "வாரியத்துக்குச் சொந்தமான நிலங்களுக்கும், இனி வாரியத்தை வந்தடையும் நிலங்களுக்கும், எவ்வகை வரியும் இல்லை" என்று அது வயல்களைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தது. டயர் ஒட்டி ஆட்டோ ஊருக்குள் நுழையும்போது பேட்டரி தீர்ந்துவிட்டது. ஆகவே ஊரில் மனிதர்கள் ஒருவருக்கும் விஷயம் தெரியாது. வயல்களுக்கு மனப்பாடம்.

வயல் போகிற வேகம் ஒன்றும் பெரிய வேகம் இல்லை. குளத்திலிருந்து கரையேறும் எருமையின் நடைதான். ரோட்டைக் கடக்கும்போது பஸ்ஸை நிறுத்தி வழிவிடுவார்கள். கண்டக்டர் இறங்கி, பின்வரப்பும் கடந்துவிட்டதா என்று பார்த்து விசில் கொடுப்பார். போன வயலின் இடத்தில் பள்ளம் கிள்ளம் எதுவும் இருக்காது. இந்தப் பக்கத்து வயலும் அந்தப் பக்கத்து வயலும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொள்ளும். பஸ் ஸீட்டில் ஓர் ஆள் எழுந்து போனால் மற்ற இருவரும் செய்வார்களே, அதுபோல.

திங்கட்கிழமை காலையில் மண்வெட்டியும் தோளுமாகப் போன தையல்நாயகி, தன் அண்ணன் கலியமூர்த்தியின் வயலுக்கும் ராவுத்தர் வயலுக்கும் நடுவில் ஒரே ஒரு வரப்பு இருப்பதைக் கண்டாள். நேற்றுவரை அங்கே இரண்டு வரப்புகளும், அவற்றுக்கு இடையில் அவளுடைய மூன்று மா நிலமும் இருந்தன. மூன்று மா என்றால் ஏக்கர் கணக்கில் ஒன்று.

ராவுத்தர் மடையில் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார்.

"விடியறதுக்கு முன்னாடியே கெளம்பிட்டுதும்மா, தங்கச்சி. நான்தான் வாய்க்கால் பலகைய எடுத்துவிட்டேன், தாண்டறதுக்கு சங்கடப்பட்டுது."

"எதாச்சும் சொல்லிச்சா அண்ணே?"

"வயலு என்னத்த சொல்லப்போவுது. வடகெழக்கு மூலைய மட்டும் ஒருதரம் திருப்பிப் பாத்த மாரி இருந்துச்சு. நிச்சயமா சொல்ல முடியாது."

தையல்நாயகிக்கு முதலில் வந்தது கோபம் இல்லை, மானக்கேடு. பெண்டாட்டி கோபித்துக்கொண்டு பிறந்தவீடு போன வீட்டுக்காரனைப் போல, யார் பார்க்கிறார்கள் என்று சுற்றிலும் பார்த்தாள். பார்த்தது அண்ணன்தான். கலியமூர்த்தி தன் வயலின் நடுவில் நின்று, காலை ஒருமுறை அழுத்தி ஊன்றிக்கொண்டார்.

"நம்ப பெரியபங்கு இருக்கு பாரு, அசையல," என்றார். "ஊரே போனாலும் இது போவாது. ஏன்னு தெரியல, அதுக்கு இங்க ஒரு சந்தோஷம்."

அவர் குத்திக்காட்டவில்லை, பெருமையும் அடிக்கவில்லை; உள்ளதைத்தான் சொன்னார். அதனால்தான் அவளுக்கு அதிகமாக வலித்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்பு அப்பா போனபிறகு நடந்த பாகப்பிரிவினையில், அடுத்தடுத்து இருந்த இரண்டு வயல்களில் ஒன்று அண்ணனுக்கும் ஒன்று தங்கைக்கும் வந்தது. இரண்டும் மூன்று மாதான். ஆனாலும் அண்ணனுக்கு வந்ததற்குப் பெரியபங்கு என்று ஒரு பெயர் இருந்தது. தலைமடை, சமதளம், கை வைத்தால் வெண்ணெய் மாதிரி மண். அவளுக்கு வந்ததற்குப் பெயர் இல்லை.

கொல்லையில் விட்டிருந்த நாற்றுக்கு அன்றைக்கு இருபத்தோரு நாள். குறுவை நாற்று இருபத்தாறு நாளைத் தாண்டினால் முற்றிப்போகும். நட்டாலும் தூர் கட்டாது. வெள்ளிக்கிழமைக்குப் பத்து நடவாட்களைச் சொல்லிவைத்திருந்தாள். அதை விட்டால் அவர்கள் கீழத்தஞ்சைப் பக்கம் போய்விடுவார்கள், ஆவணிக்குத்தான் திரும்புவார்கள். வெள்ளிக்கிழமைக்குள் வயல் வராவிட்டால் அந்த வருஷம் வீட்டில் குதிர் நிறையாது. கணக்கு அவ்வளவு எளிது.

கணவர் வைரக்கண்ணு விஷயத்தைக் கேட்டு, தட்டில் இருந்த பழைய சோற்றை முடித்துவிட்டுக் கையைக் கழுவினார்.

"போனது எங்கன்னு தெரியுதுல்ல," என்றார். "எடம் தெரியாம போறதுதான் கஷ்டம். மொபெட்ல பெட்ரோல் இருக்கு."

வாரியம் ஏழு மைல் தூரத்தில் குறுக்குரோட்டில் இருந்தது. மஞ்சள் அடித்த ஒரு கட்டடமும், அதற்குப் பின்னால் மதில் சூழ்ந்த வளாகமும். வளாகத்துக்குள் நானூறு சொச்சம் வயல்கள், ரயிலுக்குக் காத்திருப்பவர்கள் பிளாட்பாரத்தில் படுத்துக் கிடப்பதுபோல, ஒன்றின்மேல் ஒன்று கைகால் படாமல் நெருக்கி அடித்துக் கிடந்தன. கரும்புத் தோட்டம் ஒன்று கதவோரமாகக் கிடந்தது. நேற்று வந்ததாம், உள்ளே இடம் ஒதுக்கவில்லை.

வாரியத்தின் செயலர் பெயர் சவரிமுத்து. ஒல்லியான மனிதர். வாரியத்துக்குத் தலைவரோ உறுப்பினர்களோ கிடையாது. சட்டப்படி வாரியம் என்பது ஒரு முத்திரையும் அதை வைத்திருக்கும் செயலரும்தான். முத்திரையை அவர் மதியச் சாப்பாட்டு டப்பாவின் மேலடுக்கில் வைத்திருந்தார்.

"வயல திருப்பிக் குடுங்க சார்," என்றாள் தையல்நாயகி.

"குடுக்கற அதிகாரம் வாரியத்துக்கு இல்லம்மா," என்றார் அவர், வருத்தமாகவே. "சொத்து வாங்கலாம், வச்சிருக்கலாம். யார் நெலத்துலயும் சொல்லாமக் கொள்ளாம நுழையலாம். வழக்குப் போடலாம். வாரியத்து மேலயும் வழக்குப் போடலாம். குடுக்கறது மட்டும் சட்டத்துல விட்டுப்போச்சு."

"அப்ப வழக்குப் போடறேன்."

"தாராளமா போடுங்க. நானே எழுதித்தரேன். அறுவது நாள் முன்னறிவிப்பு குடுக்கணும்."

"அறுவது நாள்ல என் நாத்து கொல்லையிலயே கதிர் வச்சுரும் சார்."

சவரிமுத்து அதை ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டார். பிறகு ஒரு படிவத்தை எடுத்து வைத்தார். "வயலோட பேரு?"

"பேரு கெடையாது. பெரியபங்குக்கு அடுத்தது."

"பெரியபங்குங்கறது வேற வயலு. இதுக்குன்னு ஒண்ணும் இல்லியா?"

"பெரியபங்குக்கு அடுத்ததுன்னா எல்லாருக்கும் தெரியும் சார்."

அவர் அப்படியே எழுதினார். அடுத்த கட்டம் காலியாக இருந்தது. 'விலக்கு கோரும் வரி' என்று அதன் மேல் அச்சிட்டிருந்தது. அதைக் காட்டித் தையல்நாயகி கேட்டாள், நிலவரி என்றால் அதை இத்தனை வருஷமும் கட்டியது அவள்தானே, வயலா போய் வரிசையில் நின்றது என்று.

"பத்தொம்பதாம் பிரிவ நீங்க படிச்சதில்ல போலருக்கு," என்ற சவரிமுத்து, பார்க்காமலே சொன்னார்: "வரி, வரி போன்றது, வரி என்று அந்த நிலம் கருதுவது, ஆகிய எதையும் எவரும் வாரிய நிலத்தின் மீது விதிக்கலாகாது. இதுல மூணாவதுதான் முக்கியம். எது தனக்கு வரின்னு நெலந்தான் முடிவு பண்ணும். எங்களுக்குச் சொல்லாது. அதான் கட்டம் காலியா இருக்கு. நானூறு படிவத்துல பத்துப் பன்னெண்டத் தவிர எல்லாம் காலிதான்."

"அப்ப அது என்னான்னு தெரிஞ்சா?"

"இருவத்தோராம் பிரிவு. விதிச்சவரே வரிய விலக்கிக்கிட்டா விலக்கு காலாவதி. நெலத்துக்கு இங்க இருக்க காரணம் இல்ல. தானா வீட்டுக்கு வந்துரும்."

தையல்நாயகி காலிக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து நெஞ்சில் இருந்த மானக்கேடு அப்போதுதான் கொஞ்சம் நகர்ந்து, அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. நான் என்னத்தை வசூல் பண்ணினேன்? அதை அறிந்துகொள்ளாமல் சாப்பாடு இறங்காது என்று தோன்றியது. நாற்று ஒரு பக்கம், இது ஒரு பக்கம்.

வயலிடம் கேட்பதற்கு வாரியத்தில் ஒரு நடைமுறை உண்டு. விசாரணை நாளொன்றுக்கு மூன்று குடம். குடத்தை மனுதாரர் கைப்பம்பில் நிரப்பிக் கொண்டுவர வேண்டும், ஊற்றுவது செயலர். கேள்வி கேட்கப்படும்போது ஒரு குடம் தண்ணீர் நிலத்தில் ஊற்றப்படும். செயலர் பத்தொன்பதாம் பிரிவை அதன் விளக்கங்களோடு சத்தமாக வாசிப்பார். வாசித்து முடிப்பதற்குள் நிலம் தண்ணீரைக் குடித்துவிட்டால் ஆம். தண்ணீர் தேங்கி நின்றால் இல்லை. ஆம், இல்லை என்ற இரண்டுக்குள் அடங்காத கேள்வியைக் கேட்டால் குடம் வீண்.

செவ்வாய்க்கிழமை அவர்கள் வளாகத்துக்குள் போனபோது அவளுக்கு வயலை அடையாளம் கண்டுபிடிக்கச் சிரமம் இருக்கவில்லை. பூவரச மரத்துக்குப் பக்கத்தில், மேற்கில் ஓர் எள்ளுக்காட்டுக்கும் கிழக்கில் யாருடையதோ வாழைக்கொல்லைக்கும் நடுவில் கிடந்தது. வடகிழக்கு மூலை மற்ற மூன்று மூலைகளைவிட ஒரு சாண் தாழ்ந்த அதே வயல். புழுதி உழவு ஓட்டிய கோடுகள்கூடக் கலையவில்லை. நன்றாகத் தூங்கி எழுந்த முகம் மாதிரி இருந்தது. அவளைப் பார்த்து அது ஒன்றும் செய்யவில்லை. அவள் வைரக்கண்ணுவிடம் துண்டை வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

முதல் குடம். "நெல்லு குடுக்கறதா ஒனக்கு வரி?"

சவரிமுத்து ஊற்றினார், வாசித்தார். தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது. நெல் கொடுப்பதில் அதற்கு வருத்தம் இல்லை.

இரண்டாம் குடம். "டிராக்டரா?"

நின்றது.

மூன்றாம் குடத்துக்கு வைரக்கண்ணு தன் பங்குக்கு ஒன்று சொன்னார். வரப்பில் உட்கார்ந்து பீடி பிடிப்பது அவர்தான். அதுவாக இருந்தால் தன் மேலேயே போட்டுக்கொள்ளலாம் என்றார். கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் அவர் தன் மேல் போட்டுக்கொண்ட முதல் குற்றம் அது. அதற்கும் தண்ணீர் நின்றது. அவர் கொஞ்சம் ஏமாந்ததுபோல் தெரிந்தது.

புதன்கிழமை யூரியாவைக் கேட்டாள். அறுவடை முடிந்ததும் ஆட்டுக்கிடை போடுவதைக் கேட்டாள். கண்ட நேரத்தில் நடுவில் நடந்து குறுக்கே போவதைக் கேட்டாள். ஒன்பது வருஷமாகத் தான் அந்த வயலுக்குச் செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. இப்படி ஒரு கணக்கை அவள் வயலுக்கு மட்டுமில்லை, யாருக்குமே பார்த்ததில்லை. பார்க்கப் பார்க்க, வைக்கோலில் விதைக்கோட்டை கட்டுவதிலிருந்து களை பறிப்பதுவரை தன் கை எவ்வளவு சுத்தம் என்றுதான் தெரிந்தது. அதுதான் அவளை அரித்தது. குற்றம் இல்லாமலா ஒருத்தி வீட்டைவிட்டு ஒரு வயல் போகும்?

பக்கத்தில் எள்ளுக்காட்டின் சொந்தக்காரர் முப்பத்தேழாவது குடத்தில் கண்டுபிடித்துவிட்டார். வேலை செய்யும்போது அவர் விடாமல் போட்டுக் கேட்கிற செல்போன் பாட்டு. பாட்டுக்கூட இல்லை, பாட்டுக்கு நடுவில் வரும் விளம்பரம். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அன்று மத்தியானமே எள்ளுக்காடு அவர் பின்னால் கிளம்பிவிட்டது. போகிறபோது தையல்நாயகியிடம், "ரொம்ப யோசிக்காதம்மா. நெனைக்காத எடத்துலதான் இருக்கும்," என்று சொல்லிவிட்டுப் போனார். யோசிக்காமல் எப்படித் தேடுவது என்பதை அவர் சொல்லவில்லை. வழி சொல்கிறவன் கூடவே வருவானா என்ன?

வியாழக்கிழமை நாற்றுக்கு இருபத்துநாலு நாள். காலையில் அவள் கொல்லைக்குப் போய்ப் பார்த்தபோது நுனி லேசாகப் பழுக்க ஆரம்பித்திருந்தது. நடவாட்களின் தலைவி வாசலில் வந்து நின்று, வெள்ளிக்கிழமை உண்டா இல்லையா என்று கேட்டுவிட்டுப் போனாள். உண்டு என்றாள் தையல்நாயகி. அவள் வாழ்நாளில் இவ்வளவு துணிந்து ஒரு பொய் சொன்னதில்லை.

அன்றைய முதல் குடத்தில், வாய்க்கால் தண்ணீர் பெரியபங்குக்குப் போய்த்தான் அதற்கு வருகிறது, அந்தக் காத்திருப்பா என்று கேட்டாள். தண்ணீர் நின்றது. ஆனால் ஓரத்தில் ஒரு முழம் அளவுக்கு உள்ளே இறங்கியதுபோல் இருந்தது. சவரிமுத்து குனிந்து பார்த்துவிட்டு, ஒரு முழத்துக்கு விதி இல்லை என்று சொல்லி, இல்லை என்றே பதிவு செய்தார்.

இரண்டாம் குடத்தை நிரப்பிக்கொண்டு வரும்போது அவளுக்குக் கால் ஓய்ந்துவிட்டது. வெயில் ஏறியிருந்தது. மூன்று நாளாக இடுப்பில் குடம் தூக்கிய வலி. செயலர் குடத்தை வாங்கி, அவள் கேள்வியை எதிர்பார்த்து, சாய்த்துப் பிடித்தார். அவள் பாதம் வயலின் மண்ணில் பட்டது. பட்டதும், மற்றவர்கள் முருகா என்றோ அம்மாடி என்றோ சொல்வதுபோல, மூச்சோடு மூச்சாக அவள் வாயிலிருந்து வந்தது:

"நல்லத அண்ணன் வச்சுக்கிட்டு, இந்தக் கழிசல என் தலையில கட்டிட்டான்."

செயலரின் கை ஏற்கனவே சாய்ந்துவிட்டது. குடம் முழுவதும் மண்ணில் விழுந்தது. விழுந்த இடத்தில் தண்ணீர் இல்லை. சவரிமுத்து பத்தொன்பதாம் பிரிவின் முதல் சொல்லுக்கு வாயைத் திறந்தவர், வாசிக்க அவசியம் இல்லாததால் மூடிக்கொண்டார். ஈரத்தின் கறைகூட இல்லாமல் நிலம் குடித்துவிட்டிருந்தது.

"கேள்வி என்னன்னு பதிவு பண்ணட்டும்?" என்று கேட்டார்.

வைரக்கண்ணு வேறு பக்கம் பார்த்தார். ஒன்பது வருஷமாக அவர் தினமும் கேட்ட வாக்கியம்தான் அது. மழைச் சத்தம் போல, கேட்டுக் கேட்டு அவருக்குக் காது மரத்துப்போயிருந்தது. காலையில் வயலில் கால் வைக்கும்போது ஒன்று. அண்ணன் வயலில் பயிர் கொஞ்சம் கறுப்பாக எழுந்தால் ஒன்று. மடை உடைந்தால், களை மண்டினால், வரப்பில் நண்டு வளை போட்டால், வெயில் அடித்தால், அடிக்காவிட்டால். அண்ணனிடம் அவள் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் சண்டை வரும். வீட்டில் சொன்னால் வைரக்கண்ணு எழுந்து போய்விடுவார். சொல்லிக்கொள்ள ஒரே இடம் வயல்தான், வயலுக்கு என்ன தெரியும் என்று நினைத்திருந்தாள். அண்ணன்மேல் போட்ட வாக்கியம் என்றுதான் அவள் நினைத்தது. அது போய் இறங்கிய இடம் காலுக்குக் கீழே.

அவள் உழவுக்கோட்டில் உட்கார்ந்துவிட்டாள். அழுதாள். அழுகையை அவள் மறைக்கவும் இல்லை, நீட்டவும் இல்லை. "ஒன்னச் சொல்லல," என்று மண்ணைத் தொட்டுச் சொன்னாள். உடனே, "ஒன்னத்தான் சொல்லியிருக்கேன்," என்று திருத்திக்கொண்டாள்.

சவரிமுத்து காலிக் கட்டத்தில் அந்த வாக்கியத்தை ஒரு எழுத்து விடாமல் எழுதினார். வாரியம் ஆரம்பித்த நாளிலிருந்து, நானூறு சொச்சத்தில் நிரப்பப்பட்ட பதின்மூன்றாவது கட்டம் அது. பிறகு வேறொரு தாளை நீட்டினார்.

"மேற்படி வரிய இனி எக்காலத்தும் விதிக்க மாட்டேன்னு கையெழுத்துப் போடுங்க. கீழ இன்னொரு கட்டம் இருக்கு. இருவத்திரண்டாம் பிரிவு. தவறா வசூலிச்ச வரிய அதே இனத்துல திருப்பித் தரணும்."

"அதே இனத்துலன்னா?"

"வாக்கியமா வசூல் பண்ணியிருக்கீங்க. வாக்கியமா தரணும். ஒண்ணு போதும். ஆனா உண்மையா இருக்கணும். பொய்ன்னா முத்திரை ஒட்டாது. ஒட்டிப் பாத்திருக்கேன், வழுக்கிட்டுப் போவுது."

தையல்நாயகி பேனாவைப் பிடித்துக்கொண்டு வயலைப் பார்த்தாள். நல்ல வயல் என்று எழுதலாம். ஆனால் பெரியபங்கு மனதில் வந்து நின்றது. அதை வைத்துக்கொண்டு இதை நல்லது என்றால் முத்திரை வழுக்கும். சமதளம் என்று எழுத முடியாது. தலைமடை என்று எழுத முடியாது. இந்த வயலைப் பற்றி, இன்னொரு வயலைச் சேர்க்காமல் தான் ஒருநாளும் நினைத்ததில்லை என்பது அவளுக்குப் புரிந்தது. எழுந்து போய், நான்கு வரப்பும் நடந்தாள். முதன்முதலாகப் பெண் பார்க்க வந்தவள்போல ஒவ்வொரு மூலையாக நின்று பார்த்தாள். அவளுக்கே வேடிக்கையாக இருந்தது. ஒன்பது வருஷம் குடித்தனம் பண்ணிவிட்டு இப்போது முகம் பார்க்கிறாள்.

வடகிழக்கு மூலையில் வெகுநேரம் நின்றாள். அந்தப் பள்ளத்தைத்தான் அவள் அதிகம் திட்டியது. தண்ணீர் வடியாது, அறுப்புக்காரர்கள் கால் புதையும் என்று முணுமுணுப்பார்கள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஆற்றில் தண்ணீர் வராத வருஷம் ஒன்று வந்தது. ஊர் முழுவதும் பயிர் கருகியது. பெரியபங்கு பாளம் பாளமாக வெடித்து, அண்ணன் அதில் மாட்டை அவிழ்த்துவிட்டார். இந்த மூலையில் மட்டும் நாலு குழி அளவு நிலத்தில் ஈரம் காயவில்லை. அங்கே விளைந்ததைத்தான் அடுத்த வருஷத்துக்கு விதையாக எடுத்து வைத்தார்கள். அண்ணனுக்கும் அதிலிருந்துதான் ஒரு மரக்கால் கொடுத்தாள். கொடுக்கும்போதும் அந்த வாக்கியத்தைச் சொல்லியிருப்பாள் என்றே இப்போது தோன்றியது.

திரும்பி வந்து எழுதினாள்: 'ஆறு வராத வருஷம், எங்களுக்கு விதை கொடுத்தது இது.'

சவரிமுத்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, முத்திரையை எடுத்து, வாயால் ஊதி, தாளில் வைத்து அழுத்தினார். அது ஒட்டியது. எடுக்கத்தான் சிரமப்பட வேண்டியிருந்தது.

மூன்றாவது குடம் மீதி இருந்தது. கேள்வி இல்லாத குடத்தைக் கணக்கில் காட்ட முடியாது என்று அவர் சொன்னதால், "வீட்டுக்கு வரியா?" என்று கேட்டாள். வயல் அந்தக் குடத்தை நிதானமாக, பத்தொன்பதாம் பிரிவு முடியும்வரை எடுத்துக்கொண்டு, கடைசிச் சொல்லுக்கு ஒரு நொடி முன்னால் குடித்து முடித்தது. கொஞ்சம் பிகு பண்ணியது என்றுதான் சொல்ல வேண்டும். பண்ணட்டும், அதற்கு உரிமை உண்டு என்று தையல்நாயகி நினைத்தாள்.

ஏழு மைல் தூரமும் வைரக்கண்ணு இரண்டு காலையும் தரையில் ஊன்றி ஊன்றி மொபெட்டை உருட்டினார். பின்னால் மனைவி, அவளுக்குப் பின்னால் வயல். செங்கால்நத்தத்து வளைவில் எதிரே வந்த பஸ் நின்றது. கண்டக்டர் இறங்கிப் பார்த்து, "இது போனமாரி இருந்துச்சே," என்றார். "வருது," என்றார் வைரக்கண்ணு. வாய்க்காலை ராவுத்தர் பலகை எடுத்துத் திறந்துவிட்டார். பெரியபங்கும் அவருடைய வயலும் ஆளுக்கு ஒரு பக்கம் நகர்ந்து இடம் விட்டன. பொழுது சாயும் நேரத்தில் வயல் தன் இடத்தில் உட்கார்ந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் தண்ணீர் கட்டி, சேறடித்து, பத்து மணிக்கு நடவு தொடங்கியது. முதல் நாற்றுமுடியை நடுவதற்கு வயலில் கால் வைத்தபோது தையல்நாயகியின் வாய் பழக்கத்தில் திறந்தது. திறந்ததைக் கொண்டு ஒரு கொட்டாவி விட்டாள். இரண்டாவது முறை திறந்தபோது இருமினாள். மூன்றாவது முறை திறக்கவில்லை. சாயங்காலத்துக்குள் மூன்று மாவும் பச்சையாகிவிட்டது. கடைசி நாற்றை வடகிழக்கு மூலையில் அவளே நட்டாள். சனிக்கிழமை முழுவதும் வயல்கரையில் இருந்தாள். நாள் முழுவதும் அங்கே அந்த வாக்கியம் கேட்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் அடுப்பில் உலை வைத்துக்கொண்டிருந்தாள். வைரக்கண்ணு வாசலிலிருந்து உள்ளே வந்தார்.

"ஒங்க அண்ணன் வயலு வந்துருக்கு."

"எங்க?"

"வாசல்ல நிக்குது. பெரியபங்கு."

தையல்நாயகி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. புதன்கிழமைதான் அண்ணன் நட்டிருந்தார். நாற்று அதற்குள் வேர் பிடித்து, ஒரே உயரத்தில், வாரிவிட்ட தலை மாதிரி இருந்தது. சமதளம். மண் வெண்ணெய்தான், சந்தேகம் இல்லை. ஒன்பது வருஷமாக ஒரு வரப்புக்கு அந்தப் பக்கம் இருந்து, தினமும் தன்னை நல்லது நல்லது என்று ஒருத்தி சொல்வதைக் கேட்டுப் பழகிய வயல். இரண்டு நாளாக அவள் பக்கத்தில் இருந்தும் அது கேட்காமல், என்ன ஏது என்று பார்க்க வந்திருக்கிறது. கூப்பிட்டால் வரும். கூப்பிடாமலே வந்தும்விட்டது. அவள் ஆசைப்பட்டதிலெல்லாம் பெரிய ஆசை, வாசற்படிக்கு வெளியே, காலில் ஈரத்தோடு நின்றது.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். உலை கொதித்தது. அரிசியைக் களைந்து போட்டாள்.

"நான் வயலுக்குப் போயிட்டேன்னு சொல்லுங்க," என்றாள்.

வைரக்கண்ணு வெளியே போய் அப்படியே சொன்னார். சிறிது நேரத்தில் திரும்பி வந்தார்.

"பரவால்லயாம். சாயங்காலமா வருதாம்."

"வரட்டும்," என்று சொல்லி, அடுப்பைத் தணித்துவிட்டு, தையல்நாயகி கொல்லைக் கதவு வழியாக வயலுக்குப் போனாள்.